செய்மதி ஒரு முனை, நிலம் மறுமுனை: விண்வெளி வானொலித் தொலைகாட்டிகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசி வாரத்திலும் திருகோணமலை வீடுகளில் ஒரு சின்ன விஷயம் நடக்கும். பட்டப்பகல், மழையும் இல்லை, முகிலும் இல்லை. ஆனால் டிஷ் ரிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து சில நிமிடம் நின்றுவிடும். பிறகு தானாகவே வந்துவிடும். அடுத்த நாளும் அதே நேரத்தை ஒட்டி நடக்கும். இது டிஷ்ஷின் பழுது அல்ல. அந்த நேரத்தில் சூரியன், செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனின் வானொலி இரைச்சல் செய்மதியின் மெல்லிய சமிக்ஞையை மூடிவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு உங்கள் கூரையில் இருப்பது ஒரு வானொலித் தொலைகாட்டி.

நான் உப்புவெளிப் பக்கம் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அலைகள் பாடம் முடிந்த ஒரு நாள் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், செய்மதியில வானொலித் தொலைகாட்டியை மேல அனுப்பலாம் எண்டா, கீழ ஏன் இவ்வளவு பெரிய டிஷ் எல்லாம் கட்டி வைச்சிருக்கினம்?" "பொறு பிள்ளை, அதுக்கு மூண்டு பாடம் தேவை" என்றேன். அந்த மூன்று பாடமும் அதற்குப் பிறகு சேர்ந்தவையும்தான் இந்தக் கட்டுரை. உயர்தரப் பௌதிகவியலும் ஒரு பழைய லெப்டொப்பும் இருந்தால் போதும். இங்கே இருந்தபடியே தொடங்கலாம்.

முதல் படி: பிரிவலுவை எண்ணாக உணருங்கள்

இரவில் நிலாவெளி வீதியின் நேரான பகுதியில் நின்று வடக்கே பாருங்கள். தூரத்தில் ஒரு வெளிச்சம் வரும். மோட்டார் சைக்கிள் என்று நினைப்பீர்கள். கிட்ட வர வர அந்த ஒற்றை வெளிச்சம் மெல்லப் பிளந்து இரண்டாகும். அப்போதுதான் அது லொறி என்று தெரியும். வெளிச்சம் கண்ணுக்கு முதலே வந்துவிட்டது. இரண்டு என்று பிரித்துப் பார்க்கும் வலுத்தான் வரவில்லை. அந்த வலுவுக்குப் பெயர் பிரிவலு.

நல்ல கண் ஏறத்தாழ 1 வில் நிமிடத்தைப் பிரிக்கும். ஒரு பாகையில் 60 வில் நிமிடம், ஒரு வில் நிமிடத்தில் 60 வில் செக்கன். ஒன்றரை மீற்றர் இடைவெளியில் உள்ள இரண்டு முன்விளக்குகள் 5 கிலோமீற்றர் தூரத்தில் இந்தக் கோணத்தைத் தருகின்றன. உண்மையில் விளக்கின் கூச்சத்தால் இன்னும் கிட்ட வந்த பிறகுதான் பிரியும்.

தொலைகாட்டிக்கு விதி எளிது. அலைநீளத்தை விட்டத்தால் வகுத்து, 206,265 ஆல் பெருக்கினால் விடை வில் செக்கனில் கிடைக்கும். கொப்பியில் முதலில் இதைச் செய்யுங்கள்: ஜேர்மனியின் எஃபெல்ஸ்பேர்க்கில் 100 மீற்றர் விட்டமுள்ள டிஷ் இருக்கிறது. 18 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் அதன் பிரிவலு எவ்வளவு? ஏறத்தாழ 370 வில் செக்கன், அதாவது 6 வில் நிமிடம். உலகின் மிகப் பெரிய டிஷ்களில் ஒன்று, வெறும் கண்ணை விட ஆறு மடங்கு மங்கலாகப் பார்க்கிறது. ஒளியின் அலைநீளத்தை விட வானொலி அலையின் நீளம் இலட்சக்கணக்கான மடங்கு பெரிது என்பதால் வரும் வினை இது. இந்தக் கணக்கைத் தானே செய்து பார்க்காதவருக்கு மற்றதெல்லாம் கதையாகத்தான் இருக்கும். அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இப்போது விட்டத்துக்குப் பதிலாக இரண்டு அன்ரனாக்களின் இடைத்தூரத்தைப் போடுங்கள். பேஸ்லைன் என்பார்கள், நான் இடைக்கோடு என்று எழுதுகிறேன். திருகோணமலையில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீற்றர். அதே 18 சென்ரிமீற்றரில் 0.2 வில் செக்கன் வரும். பூமியின் முழு விட்டத்தையும், 12,700 கிலோமீற்றரை, எடுத்துக்கொண்டு அலைநீளத்தை 1.3 சென்ரிமீற்றராகக் குறைத்தால் 210 மைக்ரோ வில் செக்கன். ஒரு வில் செக்கனைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு, ஒரு மைக்ரோ வில் செக்கன். நிலத்தில் நின்றுகொண்டு இடைக்கோட்டை இதற்கு மேல் நீட்ட முடியாது, பூமி முடிந்துவிடுகிறது. 350,000 கிலோமீற்றர் தூரம் போகும் செய்மதியை மறுமுனையாக வைத்தால் அதே அலைநீளத்தில் 8 மைக்ரோ வில் செக்கனுக்கும் குறைவாக வரும்.

செய்மதி எதற்கு என்பதற்கு இந்த ஒரு வகுத்தல் போதும். நிலம் எதற்கு என்பதற்குத்தான் இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும்.

இரண்டாவது படி: இரண்டு அன்ரனா ஒரு தொலைகாட்டி ஆவது எப்படி

வங்காள விரிகுடாவில் இருந்து வரும் ஒரு நீண்ட அலையை நினைத்துக்கொள்ளுங்கள். அது முதலில் திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில் மோதுகிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே அலை உப்புவெளி மணலில் ஏறுகிறது. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு ஆள், கையில் ஒரே நேரம் காட்டும் மணிக்கூடு, கொப்பியில் நீர்மட்டத்தை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னேரம் இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்து, ஒன்றை மற்றதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தால், ஓர் இடத்தில் ஏற்ற இறக்கம் அப்படியே பொருந்தும். எவ்வளவு நகர்த்தினீர்களோ அதுதான் தாமதம். தாமதத்தில் இருந்து அலை வந்த திசை கிடைக்கும். எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதில் இருந்து, அலை ஒரே இடத்தில் இருந்து வந்ததா, பரந்த பகுதியில் இருந்து கலந்து வந்ததா என்பதும் தெரியும்.

மிக நீண்ட இடைக்கோட்டுத் தலையீட்டு மானி, ஆங்கில எழுத்துகளில் வி.எல்.பி.ஐ., இதைத்தான் செய்கிறது. ஆட்களுக்குப் பதில் டிஷ், கொப்பிக்குப் பதில் வன்தட்டு, மணிக்கூட்டுக்குப் பதில் ஹைட்ரஜன் மேசர் என்ற அணுக் கடிகாரம். அந்த மேசர் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒரு செக்கன்தான் பிசகும் அளவுக்கு நிலையானது. கொப்பிகளைப் பொருத்தும் வேலையைக் கொரிலேட்டர் என்ற கணினி செய்கிறது. பொருந்தும் இடத்தில் தலையீட்டு வரிகள் தோன்றும். வகுப்பில் இரட்டைப் பிளவில் பார்த்த அதே வரிகள்தான்.

செய்மதி ஒரு முனையானால் இந்தப் பொருத்தல் கடினமாகிறது. நிலத்தில் உள்ள ஓர் அன்ரனாவுக்கும் பூமியின் மையத்துக்கும் இடையே தாமதம் அதிகமாகப் போனால் 21 மில்லிசெக்கன். 350,000 கிலோமீற்றர் தூரச் செய்மதிக்கு அது ஒரு செக்கனைத் தாண்டும். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் பொருள். அது எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்பதில் சின்னப் பிழை இருந்தாலும் பொருந்தும் இடத்தைத் தேடிக் களைத்துப் போவோம்.

மூன்றாவது படி: முற்றத்தில் ஓர் அவதானிப்பு

இதைப் படித்துவிட்டு நேரே மென்பொருளுக்குத் தாவுகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். வானொலி அலையை ஒரு முறையாவது தன் கையால் அளந்தவருக்கு விளங்கும் விளக்கம் வேறு. அதற்காக ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள்.

பழைய 60 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்று, அதன் முன்னால் இருந்து சமிக்ஞையைப் பிடிக்கும் எல்.என்.பி., டிஷ் பூட்டுகிறவர்கள் பாவிக்கும் ஊசி உள்ள ஃபைண்டர் மீற்றர், மின்னூட்ட ஒரு ரிசீவர். வீட்டில் ஓடுகிற டிஷ்ஷைத் தொட வேண்டாம். கழற்றிப் போட்ட ஒன்றை எடுங்கள். கூரையில் ஏறாமல் முற்றத்தில், ஒரு கதிரையிலோ மரச் சட்டத்திலோ கட்டுங்கள். மீற்றரை ரிசீவருக்கும் எல்.என்.பி.க்கும் இடையில் இணைக்க வேண்டும்.

முதலில் சூரியன் இல்லாத வெறும் வானத்தைக் காட்டுங்கள். ஊசி அடிமட்டத்தில் இருக்கும்படி குமிழைத் திருப்புங்கள். பிறகு டிஷ்ஷைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். ஊசி எழும்பும். சுவர் 300 கெல்வின் வெப்பநிலையில் இருக்கிறது. அதுவும் வானொலி அலை வீசுகிறது. இது பலருக்கு நம்ப முடியாத இடம். பிறகு சூரியனைத் தேடுங்கள். நம் ஊரில் பாவிக்கும் டிஷ்களில் பெரும்பாலானவற்றில் எல்.என்.பி. நடுவில் இராமல் கீழ்ப்பக்கம் ஒதுங்கி இருக்கும். அவை தங்கள் முகம் காட்டும் திசையை விடச் சுமார் 25 பாகை மேலே பார்க்கின்றன. அதனால் கண்ணால் குறி வைக்காமல் ஊசியைப் பார்த்துத் தேடுங்கள். ஒரு கவனம்: மினுங்கும் உலோக டிஷ் வேண்டாம். அது சூரிய வெளிச்சத்தையும் குவித்து எல்.என்.பி.யை உருக்கிவிடும். மங்கலான நிறம் பூசியதே நல்லது. குவியும் இடத்தில் முகத்தையோ கையையோ கொண்டுபோகக் கூடாது.

சூரியன் அகப்பட்டதும் டிஷ்ஷைச் சற்று மேற்கே தள்ளி அப்படியே விட்டுவிடுங்கள். சூரியன் நகர்ந்து உள்ளே வந்து வெளியே போகும். நிமிடத்துக்கு ஒரு முறை ஊசியின் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். வரைபுத்தாளில் போட்டால் ஒரு மேடு வரும். அந்த மேட்டின் பாதி உயரத்தில் அகலம் ஏறத்தாழ 12 நிமிடம் இருக்கும். சூரியன் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்வதால் அது 3 பாகை. 2.5 சென்ரிமீற்றர் அலைநீளம், 60 சென்ரிமீற்றர் விட்டம். வகுத்துப் பாருங்கள், 2.4 பாகை வரும். டிஷ்ஷின் ஓரங்கள் நடுப்பகுதி அளவுக்கு வேலை செய்யாததால் உண்மையான அகலம் கொஞ்சம் கூட. சூரியனின் அகலமோ வெறும் அரைப் பாகை. நீங்கள் அளந்தது சூரியனின் அகலத்தை அல்ல, உங்கள் டிஷ்ஷின் மங்கலை. முதல் படியில் கொப்பியில் வந்த எண் இப்போது முற்றத்தில் வந்திருக்கிறது.

நான்காவது படி: மேலே போனவை என்ன செய்தன

செய்மதிக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பூமியோடு சேர்ந்து சுழலும் சுற்றுப்பாதையில் மூன்று செய்மதிகளை வைத்தால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர்களில் ஒருவர். விண்வெளி வி.எல்.பி.ஐ.யின் முதல் வெற்றியும் அப்படிப்பட்ட ஒரு தொடர்பாடல் செய்மதியால்தான் வந்தது. 1986இல் அமெரிக்காவின் டி.டி.ஆர்.எஸ். செய்மதி ஒன்றின் 4.9 மீற்றர் அன்ரனாவைக் குவேசர்கள் பக்கம், அதாவது மிகத் தொலைவில் கருந்துளையைச் சுற்றி ஒளிரும் பொருள்கள் பக்கம், திருப்பினார்கள். நிலத்தில் ஜப்பானின் உசுடாவிலும் அவுஸ்திரேலியாவின் டிட்பின்பில்லாவிலும் இருந்த 64 மீற்றர் டிஷ்கள் அதே நேரம் பார்த்தன. தலையீட்டு வரிகள் கிடைத்தன. இதற்கென்று கட்டப்படாத செய்மதியாலேயே முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

1997 பெப்ரவரி 12 அன்று ஜப்பான் ஹல்காவை ஏவியது. ஜப்பானியப் பெயர் ஹருகா. 8 மீற்றர் வலை அன்ரனா, மேலே போய் விரிந்தது. பூமியில் இருந்து கிட்டத்தில் 560, எட்டத்தில் 21,400 கிலோமீற்றர். ஒரு சுற்றுக்கு ஆறேகால் மணித்தியாலம். 2011 ஜூலை 18 அன்று ரஷ்யா ரேடியோஅஸ்ட்ரோனை பைக்கனூரில் இருந்து ஏவியது. 27 கார்பன் இழை இதழ்கள் பூவாக விரிந்து 10 மீற்றர் டிஷ் ஆயின. எட்டத்தில் ஏறத்தாழ 350,000 கிலோமீற்றர், நிலவின் தூரத்தை நெருங்கும் அளவு. ஒரு சுற்றுக்கு ஒன்பது நாள் வரை. ஐந்து ஆண்டுக்குத் திட்டமிட்டது ஏழரை ஆண்டு உழைத்து, 2019 ஜனவரியில் கட்டளைகளுக்குப் பதில் தருவதை நிறுத்தியது.

புதியவர்கள் இங்கே ஒரு முடிவுக்கு அவசரப்பட்டு வருவார்கள்: தூரமாகப் போனது நல்லது, கிட்டப் போனது சுமார். அப்படி அல்ல. இதை விளக்க எனக்குப் புள்ளிக் கோலத்தை விட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு சோடி அன்ரனாவும் ஒரு கணத்தில் படத்தைப் பற்றிய ஒரே ஒரு தகவலைத் தருகிறது. அதை ஒரு தாளில் ஒரு புள்ளியாக வைக்கிறோம். இடைக்கோடு நீளமானால் புள்ளி நடுவில் இருந்து தூரத்தில் விழும். பூமி சுழலச் சுழல ஒவ்வொரு சோடியின் புள்ளியும் ஒரு வில்லாக ஓடும். பத்து அன்ரனா என்றால் 45 சோடி, 45 வில். புள்ளிகள் அடர்த்தியாக இருந்தால் கோலம் என்ன என்பதில் சந்தேகம் வராது. இடையிடையே புள்ளி இல்லாவிட்டால், அதே புள்ளிகளில் இரண்டு மூன்று விதமான கோலம் போட முடியும்; எது சரி என்று ஊகிக்க வேண்டி வரும்.

ஹல்கா கிட்டச் சுற்றியதால் அதன் புள்ளிகள் நிலத்துப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு வெளியே விரிந்தன. கோலம் முழுமையாக வந்தது; படம் எடுக்க ஏற்றது. ரேடியோஅஸ்ட்ரோன் எட்டத்தில் இருந்தபோது அதன் புள்ளிகள் வெகு தூரத்தில் ஒரு மெல்லிய கோடாக விழுந்தன. இடையில் பெரிய வெறுமை. அங்கே படம் கிடைக்காது. ஆனால் அவ்வளவு தூரத்திலும் ஒரு புள்ளி விழுந்ததே, அது ஒன்றே பெரிய செய்தி: அந்தப் பொருளில் அவ்வளவு நுண்மையான ஒரு பகுதி இருக்கிறது. படம் வேண்டுமா, அளவு மட்டும் போதுமா என்பதை முதலில் தீர்மானித்த பிறகுதான் சுற்றுப்பாதையைப் பற்றிப் பேச வேண்டும்.

ஐந்தாவது படி: மாணவியின் கேள்விக்கு விடை

ஒரு சோடியின் உணர்திறன் இரண்டு டிஷ்களின் விட்டங்களின் பெருக்கத்தைப் பொறுத்தது. செய்மதியில் 10 மீற்றர், நிலத்தில் இன்னொரு 10 மீற்றர் என்றால், பெருக்கம் 100. செய்மதியில் அதே 10, நிலத்தில் எஃபெல்ஸ்பேர்க்கின் 100 மீற்றர் என்றால் பெருக்கம் 1,000. ஒரு ஆணியும் கூட்டாமல் செய்மதி பத்து மடங்கு வலுப் பெற்றுவிடுகிறது. 100 மீற்றர் டிஷ்ஷை மேலே அனுப்ப ரொக்கெட் இல்லை. நிலத்தில் அது ஏற்கெனவே நிற்கிறது. செய்மதி நீளத்தைத் தருகிறது, நிலம் கனத்தைத் தருகிறது.

நிலம் வேறு இரண்டு வேலையும் பார்க்கிறது. டிஷ் பிடிக்கும் தரவைச் செய்மதி சேமித்து வைப்பதில்லை. பிடித்த கையோடு செக்கனுக்கு 128 மெகாபிற் வேகத்தில் கீழே அனுப்புகிறது. அதை வாங்கப் பின்தொடரும் நிலையம் வேண்டும். ரேடியோஅஸ்ட்ரோனுக்கு ரஷ்யாவின் புஷ்சினோவும் அமெரிக்காவின் கிறீன் பாங்கும் அந்த வேலையைச் செய்தன. நிலையத்தின் கண்ணில் செய்மதி படாத நேரம் தரவு இல்லை. அடுத்தது நேரம். ஹல்காவில் சொந்த ஹைட்ரஜன் மேசர் கிடையாது. நிலையத்து மேசரின் துடிப்பை வானொலி வழியாக மேலே அனுப்பினார்கள். ரேடியோஅஸ்ட்ரோன்தான் தன் மேசரைத் தானே சுமந்து போனது.

2020 டிசம்பர் 1 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோத் தொலைகாட்டி இடிந்து விழுந்தபோது பலர் அதை ஒரு பழைய டிஷ்ஷின் முடிவாகப் பார்த்தார்கள். எனக்கு அது இனி மேலே போகப் போகும் செய்மதிகளுக்கும் சேர்த்து நடந்த இழப்பு. 305 மீற்றர் விட்டத்தைப் பெருக்கிப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

ஆறாவது படி: எதைப் பார்ப்பது

வலையில் எல்லா மீனும் படாது. வலைக்கண்ணின் அளவுக்கு ஏற்ற மீன்தான் மாட்டும். சிறியது நழுவும், பெரியது தலையை நுழைக்க முடியாமல் திரும்பிவிடும். ஒவ்வொரு இடைக்கோடும் அப்படி ஒரு வலை. நீண்ட இடைக்கோடு நுண்மையானதை மட்டும் பிடிக்கும். பரந்து கிடக்கும் வாயு முகில், ஒரு விண்மீன் மண்டலத்தின் மெல்லிய ஒளி எல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. நீளம் கூடினால் எல்லாம் கூடுதலாகத் தெரியும் என்பது தவறு.

மாட்டக்கூடியவை சில வகைதான். கருந்துளையைச் சுற்றி ஒளிரும் குவேசர்களும் அவை பீய்ச்சும் தாரைகளும் முதலாவது. நீர் மூலக்கூறுகள் இயற்கையாகவே மேசராகி, அதாவது லேசர் ஒளியைப் பெருக்குவதுபோல் வானொலி அலையைப் பெருக்கி, ஒளிரும் முகில்கள் இரண்டாவது. துடிப்பு விண்மீன்கள் மூன்றாவது.

குவேசரில் தொடங்குவோருக்கு நான் எப்போதும் சொல்வது 3சி 273. 1962இல் நிலவு அதை மறைத்த நேரத்தை அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைகாட்டி அளந்து அதன் இடத்தைத் துல்லியமாகச் சொன்னது. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்து அது விண்மீன் அல்ல, மிகத் தொலைவில் உள்ள பொருள் என்று கண்டார்; சுமார் 240 கோடி ஒளியாண்டு. ரேடியோஅஸ்ட்ரோன் அதைப் பார்த்தபோது நிலத்தில் அரெசிபோ, கிறீன் பாங்க், எஃபெல்ஸ்பேர்க், அமெரிக்காவின் வி.எல்.ஏ. டிஷ் தொகுதி ஆகியவை சேர்ந்து நின்றன. 171,000 கிலோமீற்றர் இடைக்கோட்டிலும் தலையீட்டு வரிகள் வந்தன. இவ்வளவு சிறிய இடத்தில் இருந்து இவ்வளவு வெளிச்சம் வர வேண்டுமானால், அதற்கு ஈடான வெப்பநிலை 10 இலட்சம் கோடி கெல்வினைத் தாண்ட வேண்டும். கொள்கைப்படி 1 இலட்சம் கோடி கெல்வினைத் தாண்டினால் இலத்திரன்கள் தங்கள் சக்தியை மிக விரைவாக இழந்துவிடும். முடிவு 2016இல் வெளியாகி, இலத்திரன்கள் எப்படித் தாக்குப் பிடிக்கின்றன என்ற கேள்வியைத் திறந்து வைத்தது. நிலத்தில் மட்டும் நின்றிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மேசர் பக்கம் என்.ஜி.சி. 4258 என்ற விண்மீன் மண்டலம். அதன் நீர் மேசரைப் பூமியின் விட்டத்தைப் போல் 26.7 மடங்கு நீளமான இடைக்கோட்டில் ரேடியோஅஸ்ட்ரோன் பிடித்தது.

இதே பிரிவலுவுக்கு இன்னொரு வழியும் உண்டு: அலைநீளத்தைக் குறைப்பது. எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளையின் நிழலை 2019 ஏப்ரல் 10 அன்று உலகுக்குக் காட்டிய நிகழ்வெல்லைத் தொலைகாட்டி, செய்மதி இல்லாமல் நிலத்துத் தொலைகாட்டிகளை மட்டும் சேர்த்து, 1.3 மில்லிமீற்றரில் 20 மைக்ரோ வில் செக்கன் அளவைத் தொட்டது. ஆனால் அந்த அலைநீளத்தை வளியில் உள்ள நீராவி விழுங்கும். அதனால்தான் அந்தத் தொலைகாட்டிகள் அட்டகாமாப் பாலைவனத்திலும் ஹவாய் மலையுச்சியிலும் தென் துருவத்திலும் நிற்கின்றன. சட்டை காயாத எங்கள் கடற்கரையில் அது நடக்காது. சென்ரிமீற்றர் அலைகளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஏழாவது படி: லெப்டொப்பைத் திறங்கள்

லினக்ஸ் போட்ட லெப்டொப் ஒன்று. விண்டோஸ் என்றால் அதற்குள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதி இருக்கிறது. மென்பொருள் எல்லாம் இலவசம்: படமாக்கப் பழக டிஃப்மாப், பெரிய வேலைக்கு காசா, பைதன் தெரிந்தால் நிகழ்வெல்லைத் தொலைகாட்டிக் குழுவினரின் ஈ.எச்.டி. இமேஜிங். மூன்றையும் ஒரே நாளில் போட்டுக் குழம்ப வேண்டாம். டிஃப்மாப்பில் தொடங்குங்கள்.

தரவுக்கு மொஜேவ் என்ற திட்டத்தின் காப்பகம் மிக நல்லது. அமெரிக்காவின் வி.எல்.பி.ஏ., அதாவது ஹவாயில் இருந்து வேர்ஜின் தீவுகள் வரை 8,600 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்த பத்து 25 மீற்றர் டிஷ்கள், பல ஆண்டுகளாக 2 சென்ரிமீற்றரில் பார்த்துவரும் தாரைகளின் சீர்செய்த தரவு அங்கே எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கோப்புகள் சிறியவை; கைத்தொலைபேசி டேட்டாவிலேயே இறக்கலாம்.

3சி 273இன் ஒரு நாளைய கோப்பை இறக்குங்கள். படமாக்க அவசரப்படாமல், இடைக்கோட்டு நீளத்தைக் கிடையாகவும் வீச்சை நிலைக்குத்தாகவும் வைத்து வரையுங்கள். பொருள் வெறும் புள்ளியாக இருந்தால் எல்லா நீளத்திலும் வீச்சு ஒரே மட்டத்தில் நிற்கும். உங்கள் திரையில் அப்படி நிற்காது. நீளம் கூடக் கூட விழும். விழுந்து மீண்டும் எழும்பும், அலையும். அந்த அலைவுக்குள்தான் தாரையின் முடிச்சுகள் இருக்கின்றன. இந்த வரைபை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்தவர் படத்தில் ஏமாற மாட்டார்.

பிறகு படம். படத்தின் ஒரு கட்டத்தின் (பிக்செல்) அகலம் பிரிவலுவின் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று இருக்க வேண்டும், இங்கே 0.1 மில்லி வில் செக்கன் சரி. பிரகாசமான இடங்களில் மட்டும் பெட்டி போட்டுச் சுத்தம் செய்யுங்கள், அதாவது புள்ளிகளின் இடைவெளியால் வரும் போலி வடிவங்களை மென்பொருளால் கழியுங்கள். நான் பழகிய காலத்தில் இரண்டு பிழை விட்டேன். வான்படத்தில் கிழக்கு இடப்பக்கம் என்பதை மறந்து தாரையை எதிர்த்திசையில் எழுதி, மூன்று நாள் வெளியான படங்களோடு ஒப்பிட்டு ஏன் ஒத்துவரவில்லை என்று தேடினேன். அடுத்தது, அளவுக்கு மீறிச் சுத்தம் செய்து இரைச்சலையே முடிச்சாக்கினேன். ஒரு மாதத் தரவில் மட்டும் தெரிந்து அடுத்த தரவில் காணாமல் போகும் முடிச்சை நம்பாதீர்கள்.

இது கைவந்ததும் செய்மதியைச் சேர்த்துப் பாருங்கள். ஈ.எச்.டி. இமேஜிங்கில் நிலத்து அன்ரனாக்களின் பட்டியலோடு ஒரு செய்மதியின் சுற்றுப்பாதையையும் கொடுக்கலாம். முதலில் ஹல்காவின் பாதை, பிறகு ரேடியோஅஸ்ட்ரோனின் பாதை. புள்ளிகள் எப்படி விழுகின்றன என்று பாருங்கள். நான்காம் படியில் சொன்ன கோலமும் வெறுமையும் உங்கள் திரையிலேயே வரும். பிறகு நிலத்தில் இருந்து எஃபெல்ஸ்பேர்க்கை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். செய்மதிப் புள்ளிகள் இரைச்சலில் எவ்வளவு மூழ்குகின்றன என்று அப்போது தெரியும்.

எட்டாவது படி: ஒரு திட்டம் எழுதிப் பாருங்கள்

வி.எல்.பி.ஏ.யும் ஐரோப்பிய வி.எல்.பி.ஐ. வலையமைப்பும் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கத் திறந்திருப்பவை. முன்மொழிவின் தரத்தைப் பார்த்துத்தான் நேரம் தருவார்கள். அதற்கு முன் தனியே ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். எந்தப் பொருள், ஏன் நிலம் மட்டும் போதாது, எந்த அலைநீளம், எந்த நேரத்தில் எந்தெந்த நிலையங்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே இருக்கும், அந்த நேரம் செய்மதியைப் பின்தொடரும் நிலையம் எது. பொது வானம் என்பதுதான் இதில் கடினம். திருகோணமலைக்கு உச்சியில் இருக்கும் பொருள் அப்போது ஐரோப்பாவுக்குக் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும்; வானொலிக்குப் பகலும் இரவும் ஒன்றென்றாலும் அடிவானம் அடிவானம்தான்.

இப்போது மேலே இருப்பதையும் கவனியுங்கள். 2024 மார்ச்சில் சீனா ஏவிய சுவேசியாவ்-2 நிலவைச் சுற்றுகிறது, அதன் 4.2 மீற்றர் அன்ரனா நிலவுப் பணிகளுக்குச் செய்தி கடத்துவதோடு பூமித் தொலைகாட்டிகளோடு சேர்ந்து வி.எல்.பி.ஐ.யும் செய்யும்படி அமைந்தது. மில்லிமீற்றர் அலையில் கருந்துளையின் ஒளி வளையத்தைப் பார்க்க பீ.எச்.ஈ.எக்ஸ். என்ற செய்மதி அமெரிக்காவில் முன்மொழியப்பட்டிருக்கிறது. இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் பட்டம் முடிக்கும் காலத்தில் இவற்றின் தரவுக்கு ஆள் தேவைப்படும்.

கடைசியாக, முகில் இல்லாத ஓர் இரவு. சித்திரைப் புத்தாண்டன்று இரவு 11 மணிக்குச் சற்றுப் பிறகு உப்புவெளி மணலில் மல்லாந்து படுங்கள். உத்தரம் என்று நாம் சொல்லும் டெனெபோலா விண்மீனைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கிழக்கே கன்னி ராசியின் விண்டெமியாட்ரிக்ஸ். இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில், உங்கள் உச்சந்தலைக்கு 4 பாகை வடக்கே எம்87 இருக்கிறது, 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில். அங்கிருந்து பத்துப் பாகை தெற்கே, பொரிமா விண்மீனுக்குச் சற்று வடமேற்கில் 3சி 273. இரண்டும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டின் கோப்பையும் இறக்குங்கள்.